சீனப் பெருநாளுக்கு ஒன்பது நாள் பூட்டு: ஏஜெண்டின் கீழ் வேலை செய்கிறவர் எந்த வழியைப் பிடிப்பது?

சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலை பஸ் ஏறித் தாசேக், ஜெலாப்பாங் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறவர்களில் எல்லாரும் கம்பெனி ஆட்கள் அல்ல. ஏஜெண்ட் மூலம் போகிற காண்ட்ராக்ட் ஆட்களும் உண்டு. சீனப் பெருநாளுக்குக் கம்பெனியைப் பூட்டும் முன் சூப்பர்வைசர் ஒரு பாரத்தை, அதாவது படிவத்தை, கொண்டுவந்து நீட்டி, "பூட்டு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துடுங்க" என்பது இவர்களிடம்தான். மாலை ஷிப்ட் முடிந்து, பஸ் ஹாரன் அடிக்கும் நேரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

இதன் அடியில் இருக்கும் கணக்கு எளிது. ஆள் வேலை செய்த நாளுக்கு மட்டுமே ஏஜெண்ட் கம்பெனிக்கு பில் போடுகிறார். கதவு பூட்டிய நாளுக்கு பில் இல்லை. அந்த நட்டத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. பாரத்தை நீட்டுவதன் மூலம் அவர் அதைத் தொழிலாளியின் தோளில் ஏற்றுகிறார். மாதச் சம்பளக்காரரை அவர் சம்மதமில்லாமல் சம்பளமில்லா விடுப்பில் தள்ள மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் முதலாளிக்குத் தனி அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. சம்மதம் தேவைப்படுவதால்தான் பாரமே வருகிறது.

கையெழுத்துக்கு முன் உங்களுக்கு முன்னால் ஆறு வழிகள் இருக்கின்றன. சில நல்லவை, ஒன்று மிக மோசம்.

எதை வைத்து எடை போடுவது

மாத முடிவில் கைக்கு வரும் பணம்தான் முதலில் கண்ணில் படும். அதோடு நான்கைச் சேர்த்துப் பாருங்கள். பெருநாள் சம்பளம் தப்புகிறதா? தீபாவளிக்கு ஆண்டு விடுப்பு மிஞ்சுகிறதா? சர்வீஸ் அறுபடாமல் ஓடுகிறதா? தாளில் விடுப்பைக் கேட்டவர் யார் என்று எழுதியிருக்கிறது?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நாள் சம்பளத்தைவிடப் பெரிய தொகை அதில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

கணக்குக்கு ஒரு மாதம்

2026 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். சீனப் பெருநாள் 17 செவ்வாய், 18 புதன். வாரம் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஓய்வு. கம்பெனி 14 சனி முதல் 22 ஞாயிறு வரை ஒன்பது நாள் பூட்டுகிறது என்று வைப்போம். இதில் ஞாயிறு இரண்டு, பெருநாள் இரண்டு. உண்மையில் இழக்கும் வேலைநாள் 14, 16, 19, 20, 21 என ஐந்துதான்.

சம்பளம் குறைந்தபட்சமான 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஆறு நாள் வாரத்துக்கு நாள் கூலி 65.38 வெள்ளி.

மாதச் சம்பளக்காரர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் எப்படிக் கழிப்பது என்பதை 2023 ஜனவரி 1 முதல் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது: மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த நாளால் வகுத்து, சம்பளத்துக்கு உரிய நாளால் பெருக்க வேண்டும். பிப்ரவரிக்கு 1,700 ÷ 28 × 23 = 1,396.43. இழப்பு 303.57 வெள்ளி.

சம்பளச் சீட்டில் வேறு கணக்கு வரலாம். 26ஆல் வகுத்து ஐந்து நாள் கழித்தால் 326.92 போய்விடும். 26 என்பது ஓடி (மிகுதி நேர வேலை), ஓய்வுநாள், பெருநாள் வேலைக்கான நாள் வீதத்துக்குரியது. விடுப்புக் கழிவுக்கு அதை எடுக்கக்கூடாது. அதைவிடக் கொடுமை, ஒன்பது நாளையும் மொத்தமாக வெட்டுவது. அப்போது 546.43 வெள்ளி பறிபோகும். சரியான கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 242.86 வெள்ளி, ஒரு குடும்பத்தின் இரண்டு வாரச் சந்தைச் செலவை அது தாங்கும். ஆகவே பாரத்தில் "14 முதல் 22 வரை" என்று ஒரே வீச்சில் எழுத விடாதீர்கள். ஐந்து தேதிகளையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

முதல் வழி: சம்பளமில்லா விடுப்பில் கையெழுத்து

கண்ணுக்குத் தெரியும் செலவு 303.57 வெள்ளி. தெரியாத செலவுகளும் உண்டு. அந்தத் தொகைக்கு ஏஜெண்ட் ஈபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) போட வேண்டிய 13 விழுக்காடு, ஏறக்குறைய 39 வெள்ளி, வராது. வருகை அலவன்ஸ் கொடுக்கிற இடமானால், கம்பெனியே பூட்டியிருந்தாலும் "முழு வருகை இல்லை" என்று அதையும் நிறுத்தப் பார்ப்பார்கள். பூட்டு நாள் வருகைக் கணக்கில் சேராது என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

இனி பெரிய விஷயம். மலாய் பாரத்தில் "மெமோஹோன்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். விண்ணப்பிக்கிறேன் என்று பொருள். அதில் கையெழுத்திட்டால், கம்பெனி பூட்டியதால் வேலை கிடைக்காமல் இருந்தவர் என்ற நிலை மாறி, தானாக விடுப்புக் கேட்டுப் போனவர் ஆகிவிடுகிறீர்கள்.

இதனால் என்ன ஆகும்? 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க, ஆட்குறைப்புப் பலன் விதிமுறைகள் இருக்கின்றன. வேலை கிடைத்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவருக்குத் தொடர்ந்து நான்கு வாரத்தில் 12 வேலைநாள்கூட வேலை கொடுக்காமல், அந்த நாளுக்குச் சம்பளமும் இல்லையென்றால், அவர் ஆட்குறைப்புக்கு ஆளானவராகக் கருதப்பட்டுப் பலன் கேட்கலாம். ஓராண்டு சர்வீஸ் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் கீழே என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். மூன்று ஆண்டு சர்வீஸ்காரருக்கு 45 நாள் சம்பளம். ஆனால் தொழிலாளி தானே விண்ணப்பித்து எடுத்த விடுப்பு இந்தக் கணக்கில் சேராது.

ஒரு வாரப் பூட்டு மட்டும் யாரையும் அந்த நிலைக்குக் கொண்டுபோகாது. பெருநாள் முடிந்து ஆர்டர் குறைந்து, வாரம் இரண்டு மூன்று நாள்தான் வேலை என்று இழுக்கும்போதுதான் இது கடிக்கும். பெருநாளுக்காகப் போட்ட விண்ணப்பமே, அடுத்த வாரங்களுக்கும் நீட்டப்படும் பாரமாகிவிடும். அப்போது சேர்த்துப் பார்த்தால் எல்லா நாளும் நீங்கள் "கேட்டு வாங்கியவை".

தடுக்க ஒரு வரி போதும். கையெழுத்துக்கு மேலே "அராஹான் மஜிக்கான்", அதாவது முதலாளியின் உத்தரவுப்படி, என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். ஐந்து தேதிகளையும் எழுதி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்க மாட்டேன் என்றால், அன்றே வாட்சப்பில் ஒரு செய்தி போடுங்கள்: "கம்பெனி பூட்டுவதால் இந்த ஐந்து நாள் எனக்கு வேலை இல்லை என்று சொன்னீர்கள். நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன்." பின்னால் அது சாட்சி.

இந்த வழி யாருக்கு? அந்த வாரம் எப்படியும் ஊருக்குப் போகிறவருக்கு, கையில் இருப்பு உள்ளவருக்கு, ஆண்டு விடுப்பை முழுதாகத் தீபாவளிக்கு வைத்திருக்க வேண்டியவருக்கு.

இரண்டாவது வழி: ஆண்டு விடுப்பைக் கொடுப்பது

கைக்குப் பணம் குறையாது, ஈபிஎஃப் குறையாது. விடுப்புக்குள் விழும் பெருநாளை விடுப்பாகக் கழிக்கவும் முடியாது. அப்படி விழுந்தால் அதற்கு ஈடாக வேறொரு நாள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆக ஐந்து நாள்தான் போகும்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் கீழே சர்வீஸ் உள்ளவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். ஐந்தைச் சீனப் பெருநாளுக்குக் கொடுத்தால் மூன்று மிஞ்சும். தீபாவளி, பிள்ளையின் பள்ளிக் காரியம், உறவில் ஒரு சாவு, எல்லாம் அந்த மூன்றுக்குள். 2026இல் தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு; கம்பெனியின் பட்டியலில் தீபாவளி இருந்தால் திங்கள் ஈடு விடுமுறை. சனிக்கிழமை எண்ணெய்ச் சட்டி வைக்கவும் செவ்வாய் உறவு வீடு போகவும் விடுப்பு வேண்டும். பிறர் பெருநாளுக்கு நம் விடுப்பைச் செலவிட்டு, நம் பெருநாளுக்குச் சம்பளத்தை வெட்டிக்கொண்டு உட்காருவது நியாயமில்லை.

இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாள், அதற்கு மேல் 16. இவர்களுக்கு இந்த வழி சுமையில்லை. ஓராண்டு முடியாதவருக்கும் விகிதப்படி உண்டு: ஏழு மாதம் முடித்தவருக்கு 4.67, அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும் என்பதால் 5. "இன்னும் ஒரு வருஷம் ஆகலையே" என்று மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: எடுக்காத விடுப்பு காலக்கெடு கடந்தால் காலாவதியாகிவிடும். முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்தில் சம்மதித்து எடுக்காமல் விட்டால்தான் காசாக வரும். கெடு நெருங்கும் விடுப்பு கையில் இருந்தால், முதலில் அதைக் கொடுங்கள்.

மூன்றாவது வழி: முன்கூட்டி ஞாயிறு வேலை

பெருநாளுக்கு முன் கம்பெனிகள் சரக்கு தள்ளி முடிக்க அவசரப்படும். ஞாயிறு வேலை கேட்டால் கிடைக்கும் காலம் அது. ஓய்வுநாளில் அரை வேலைக்கு மேல் முழு வேலைவரை செய்தால், நாள் கூலிக்காரருக்கு இரண்டு நாள் கூலி; மாதச் சம்பளக்காரருக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் கூலி. மாதம் 4,000 வெள்ளிவரை வாங்குகிறவர்களுக்கு இது உரிமை.

நாள் கூலிக்காரர் இரண்டு ஞாயிறு போனால் 261.52 வெள்ளி. அதோடு ஒரே ஒரு ஆண்டு விடுப்பைச் சேர்த்தால் 326.90. இழக்கும் ஐந்து நாள் கூலியும் அதே 326.90. இரண்டு ஞாயிறு, ஒரு விடுப்பு, கணக்கு நேர். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு ஞாயிறு 130.76 தரும். மூன்று நாள் ஆண்டு விடுப்பு எடுத்து, மிச்சம் இரண்டு நாளை மட்டும் சம்பளமில்லாமல் விட்டால் இழப்பு 121.43. ஒன்பது வெள்ளி மிஞ்சும்.

கெடுப்பது "கந்தி" என்ற மலாய்ச் சொல். மாற்று, ஈடு என்று பொருள். "ஞாயிறு வந்து கந்தி பண்ணுங்க, பூட்டு நாளுக்குச் சம்பளம் வரும்" என்பார்கள். ஒரு ஞாயிறுக்கு ஒரு வேலைநாள் என்று மாற்றிப் போட்டால், நாள் கூலிக்காரர் இரண்டு நாள் கூலிக்குரிய உழைப்பை ஒரு நாளுக்குக் கொடுக்கிறார். அதை ஏற்காதீர்கள். ஞாயிறு ஞாயிறாகவே சம்பளச் சீட்டில் ஏற வேண்டும்.

பூட்டு அறிவிப்பு வந்த பிறகு ஞாயிறு தேடினால் கிடைக்காது. மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே கேட்க வேண்டும். பஸ் ஓடுமா என்றும் கேளுங்கள். கம்பெனி பஸ் இல்லாத ஞாயிறில் தாசேக் வரை மோட்டார் சைக்கிளில் போய்வரும் எண்ணெய்க் காசைக் கழித்துப் பாருங்கள்.

நான்காவது வழி: பூட்டுக்குள் வேலை

கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே மெஷின் பிரிப்பது, தொட்டி கழுவுவது, பாய்லர் சுத்தம் என்று வேலை நடக்கும். பணம் இங்கேதான் அதிகம். பெருநாள் அன்று வேலை செய்தால் பெருநாள் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி. 65.38 வாங்குகிறவருக்கு ஒரு நாளில் 196.14, இரண்டு நாளுக்கு 392.28.

ஆனால் இது அன்றாடம் செய்கிற வேலை அல்ல. தொட்டி, பாய்லர் உள்ளே, குழி போன்ற அடைபட்ட இடத்தில் இறங்க நியோஷ் (தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம்) பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். காற்றை அளந்து பார்க்காமல், வெளியே காவல் ஆள் நிற்காமல் இறங்கக்கூடாது. கழிவு தேங்கிய இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், அழுகிய முட்டை வாடை கொஞ்ச நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போகும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்புவதில்லை. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். மெஷினுக்குள் கை விடும் முன் சுவிட்சில் பூட்டு மாட்டி, சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

அந்த ஒரு வாரத்துக்கு வேறு காண்ட்ராக்டர் உங்களை எடுக்கிறாரா? அவர் பெயரில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பதிவு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கூட்டிப் பெருக்குவது, பெயிண்ட் அடிப்பது, சரக்கு எண்ணுவது போன்ற வேலையாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

ஐந்தாவது வழி: கணக்கு முடித்து மறுபடி எடுப்பது

"13ஆம் தேதியோடு காண்ட்ராக்ட் முடிச்சுக்குவோம், 23இல் புதுசு போடுவோம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். வேறு வழி இருக்கும்வரை இதில் இறங்காதீர்கள்.

இடையில் நீங்கள் யாருடைய தொழிலாளியும் இல்லை. ஆகவே இரண்டு பெருநாள் சம்பளமும், 130.76 வெள்ளி, போச்சு. 12 நாள் ஆண்டு விடுப்புக்கு ஏறியவர் மறுபடி 8இல் தொடங்க நேரும். வேலையை விட்டு நீக்கக் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பும் ஆறு வாரம், எட்டு வாரம் என்று ஏறியிருந்தது நான்குக்கு இறங்கும். கெடு முடிந்த காண்ட்ராக்டுக்குச் சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதி பணம் தராது. மிஞ்சும் ஒரே பிடி: 1980 விதிமுறைகளின்படி இடைவெளி மொத்தம் 30 நாளைத் தாண்டாவிட்டால் ஆட்குறைப்புப் பலனுக்கு சர்வீஸ் தொடர்வதாகக் கொள்ளலாம். அதற்குப் பழைய கடிதம், புதிய கடிதம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். எடுக்காத ஆண்டு விடுப்புக்கான காசையும் 13ஆம் தேதிக் கணக்கில் கேட்டு வாங்குங்கள்.

ஆறாவது வழி: அந்த வாரம் தோட்டத்தில்

செம்பனைத் தோட்டக் காண்ட்ராக்டரிடம் உதிரிப்பழம் பொறுக்கவோ புல் வெட்டவோ போகலாம். அன்றன்று கையில் காசு. ஆனால் அன்றாடக் காசு வேலையில் சொக்சோ இருக்காது. முள் குத்துவதும் பாம்பும் உங்கள் பாடு. காண்ட்ராக்டில் "வேறு வேலை செய்யக்கூடாது" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நாள் கணக்கில் நேரடியாக வேலை செய்கிறவருக்கு அதே வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஒரு காவல் வைத்திருக்கிறது: மாதம் 24 நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டாலும், தொழிலாளி வரத் தயாராக இருந்தால், அந்த நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நம் தாய் தகப்பன் பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற காலத்தில் இருந்த அந்தக் காவல், லயத்தை விட்டுத் தொழிற்பேட்டைக்கு வந்த பிள்ளைகளோடு கூட வரவில்லை. ஒரு வாரத்துக்குத் தோட்டம் போகிறவருக்கும் அது கிடைக்காது. நேரடித் தோட்ட வேலைக்கே திரும்பலாமா என்று யோசிக்கிறவர்கள் இதையும் தராசில் வைக்க வேண்டும்.

ஒரு பார்வையில்

| வழி | கைக்காசு (மாதச் சம்பளம் 1,700) | பெருநாள் சம்பளம் | தீபாவளி விடுப்பு | கவனிக்க |
|---|---|---|---|---|
| சம்பளமில்லா விடுப்பு | 303.57 குறையும் | வர வேண்டும் | அப்படியே | "மெமோஹோன்" |
| ஆண்டு விடுப்பு | குறையாது | வரும் | 5 நாள் போகும் | 8 நாள்காரருக்குச் சுமை |
| 2 ஞாயிறு + 3 விடுப்பு | 9 வெள்ளி கூடும் | வரும் | 3 நாள் போகும் | "கந்தி" |
| பூட்டுக்குள் வேலை | கூடும் | இரண்டு நாள் கூலி மேலே | அப்படியே | சான்றிதழ், சொக்சோ |
| கணக்கு முடிப்பது | குறையும் | போகும் | 8இலிருந்து தொடங்கும் | தவிர்க்கவும் |
| தோட்ட வேலை | நாளுக்கு நாள் மாறும் | வர வேண்டும் | அப்படியே | காப்புறுதி இல்லை |

எட்டு நாள் விடுப்புக்காரருக்கு எங்கள் தேர்வு மூன்றாவது வழி. ஞாயிறு கிடைக்காவிட்டால் இரண்டு நாள் ஆண்டு விடுப்பு, மூன்று நாள் "அராஹான் மஜிக்கான்" எழுதிய சம்பளமில்லா விடுப்பு. பன்னிரண்டும் பதினாறும் உள்ளவர் ஆண்டு விடுப்பைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பணம் முட்டினால் அலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) போகாதீர்கள். ஏஜெண்டிடம் சம்பள முன்பணம் கேளுங்கள். அதற்கு வட்டியோ கழிவோ வாங்கச் சட்டம் தடை போடுகிறது.

பெருநாள் சம்பளத்தை இழக்காமல் இருக்க

சட்டம் கொடுக்கும் 11 பொது விடுமுறையில் ஐந்து மட்டுமே நிலையானவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், மே தினம், மலேசிய தினம். மற்ற ஆறை முதலாளி தேர்ந்து, ஆண்டு தொடங்கும் முன் நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். சீனப் பெருநாள் இரண்டு நாளும், தீபாவளியும் அதில் இருக்கின்றனவா என்று ஜனவரியிலேயே படம் எடுத்து வையுங்கள். விடுமுறைக்கு முந்திய, பிந்திய வேலைநாளில் அனுமதியில்லாமலும் தக்க காரணமில்லாமலும் வராதவர் பெருநாள் சம்பளத்தை இழப்பார். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையும் 23ஆம் தேதி திங்கட்கிழமையும் தவறாமல் கார்டு தட்டுங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் எம்சி (மருத்துவச் சான்று) எடுங்கள்.

சம்பளம் குறைந்து வந்தால்

பிப்ரவரிச் சம்பளம் மார்ச் 7க்குள் வர வேண்டும். சீட்டில் மூன்றைப் பாருங்கள்: கழித்தது ஐந்து நாளா, வகுத்தது 28ஆலா, 17ம் 18ம் சம்பள நாளாக ஏறியிருக்கின்றனவா. தவறு இருந்தால் முதலில் ஏஜெண்டுக்கு எழுத்தில் கேட்டு ஒரு வாரம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ஈப்போ தொழிலாளர் இலாகாவிலோ, வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் செயலியிலோ புகார் செய்யலாம். வேலைக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பூட்டு அறிவிப்பின் படம், கையெழுத்திட்ட பாரத்தின் படம், வாட்சப் செய்தி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஆள் சப்ளை செய்கிற ஏஜெண்ட் இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிந்திருக்கிறாரா என்றும் அங்கே கேளுங்கள்.

ஏஜெண்ட் கைவிரித்தால், வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு வேலை கொடுத்த கம்பெனியையும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பாக்குகிறது. ஆனால் சம்பளம் கொடுத்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 90 நாளுக்குள் புகார் போயிருக்க வேண்டும். மார்ச் 7இலிருந்து எண்ணினால் ஜூன் 5 கடைசி நாள்.